பழைய பத்திரத்துக்கு பிளாஸ்டிக் உறை வேண்டாம்

தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம் ஒன்றை, கிழியாமல் இருக்கட்டும் என்று அப்பா வேலூரில் ஒரு கடையில் லேமினேஷன் செய்து வைத்தார். இன்று அதை வெளிச்சத்தில் பிடித்தால் மடிப்புகள் தேயிலை நிறத்தில் தெரிகின்றன. ‘ழ’, ‘ற’ சுழியும் இடங்களில், மை கெட்டியாக விழுந்த புள்ளிகளில் ஊசிமுனை அளவு ஓட்டைகள்.

காரணம் மையிலேயே இருக்கிறது. கடுக்காய், மாசிக்காய் போன்றவற்றின் துவர்ப்புச் சத்தான டானினோடு இரும்பு உப்பான அன்னபேதி சேர்ந்தால் கறுப்பு வரும். தோல் பதனிடும் ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கத்தாருக்கு இது புதிதல்ல. மரப்பட்டையில் பதப்படுத்திய ஈரத் தோலில் இரும்பு பட்டால் கறை கறுப்பாக ஏறிவிடும். பழைய நீலக்கறுப்பு மைகள் பல இந்த வகைதான். நிறம் உண்டாகும்போதே கந்தக அமிலமும் உண்டாகிறது. அது காகிதத்தை அரிக்கிறது.

காகிதமும் சும்மா இல்லை. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது, காகிதம் பெரும்பாலும் கந்தல் துணியை அரைத்துச் செய்தது. இழை நீளம், உறுதி அதிகம். அப்புறம் மரக்கூழ் வந்தது, மை ஊறாமல் இருக்கப் படிகாரமும் சேர்ந்தது. படிகாரம் அமிலத்தன்மை உள்ளது. காகித இழை செல்லுலோஸ் என்ற பொருளின் நீண்ட சங்கிலிகளால் ஆனது; அமிலம் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டும். சிதையும் காகிதம் மேலும் அமிலத்தை உண்டாக்கும். வெப்பமும் ஈரமும் இந்த வேகத்தைக் கூட்டும். 40 டிகிரியைத் தாண்டும் எங்கள் ஊர் மே மாதத்தில் தகரப் பெட்டிக்குள் என்ன நடக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

லேமினேஷன் இந்த அமிலத்தை உள்ளேயே பூட்டிவிடுகிறது. சூடும் பசையும் காகிதத்தோடு ஒன்றிவிடுவதால் பிரிக்கவும் வழியில்லை.

ஆவணக் காப்பகங்களில், செய்ததைத் திரும்ப எடுக்க முடிய வேண்டும் என்பதே முதல் விதி. மை கரைகிறதா என்று ஓர் ஓரத்தில் சொட்டு வைத்துப் பார்க்கிறார்கள். கரையாவிட்டால் தெளிந்த சுண்ணாம்பு நீரில் நனைக்கிறார்கள். அமிலம் அடங்கும், இழைகளுக்கிடையே தங்கும் சுண்ணாம்பு, இனி வரும் அமிலத்தையும் ஏற்றுக்கொள்ளும். கிழிசலுக்கு மெல்லிய ஜப்பானியக் காகிதமும் கோதுமை மாவுப் பசையும்தான். ஈரம் காட்டினால் பசை இளகும், ஒட்டு கழன்று வரும்.

வீட்டில் இவ்வளவும் செய்யக் கூடாது, கை தவறினால் எழுத்தே போய்விடும். எங்களிடம் மீதி மூன்று பத்திரங்கள் இருக்கின்றன. மடிப்பைப் பிரித்து, துருப்பிடித்த குண்டூசிகளை எடுத்துவிட்டு, அமிலமில்லாத காகித உறையில் வைத்து, வெளிச்சுவர் ஒட்டாத அலமாரியில் தட்டையாகப் படுக்க வைத்திருக்கிறேன்.