ஆற்றில் அரிய பறவை எங்கே இருக்கும்?

அரிய பறவையைப் பார்க்க அதிர்ஷ்டம் வேண்டும் என்பார்கள். கொஞ்சம் வேண்டும்தான். ஆனால் எந்தப் பறவைக்கு எந்த நீர் தோது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஆழமில்லாத ஓரத்தில் தலையை அமிழ்த்தி, வாலைத் தூக்கி மேய்பவை ஊசிவால் வாத்தும் கிளுவையும். ஆழமான இடத்தில் சட்டென்று முங்கிக் காணாமல் போவது குடுமி வாத்து. வித்தியாசம் உடலமைப்பில் இருக்கிறது. முங்கும் வாத்துகளுக்குக் கால்கள் பின்தள்ளி இருக்கும். நீருக்கடியில் உந்தித் தள்ள அது வசதி, தரையில் நடக்கத்தான் சிரமம். உடல் எடைக்கு இறக்கையும் சிறியது. அதனால் அவை நீர்ப்பரப்பில் தடதடவென்று ஓடித்தான் எழும்பும். மேய்கிற வாத்தோ நின்ற இடத்திலிருந்தே விருட்டென்று மேலே கிளம்பிவிடும். தூரத்தில் நிறம் தெரியாதபோது இந்த ஒன்றே எந்தக் கூட்டம் என்று காட்டிக்கொடுக்கும்.

நிறத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. இனப்பெருக்கம் முடிந்ததும் பெரும்பாலான ஆண் வாத்துகள் பகட்டான இறகுகளை உதிர்த்துப் பெட்டைபோல் மங்கிவிடும். பறக்க உதவும் சிறகுகளும் ஒரே சமயத்தில் உதிர்வதால் சில வாரங்களுக்குப் பறக்கவே முடியாது. அப்போது மங்கல் நிறம்தான் பாதுகாப்பு. சாதாரண வாத்துக் கூட்டத்துக்குள் அரிய இனம் ஒளிந்திருப்பதும் இப்படித்தான். அலகைப் பாருங்கள். தட்டைவாயன் என்ற வாத்தின் அலகு நுனியில் அகன்றிருக்கும். அதன் ஓரத்தில் சீப்புப் பல்போல நெருக்கமான தகடுகள். நீரை உறிஞ்சி வெளியே தள்ளும்போது நீரிலுள்ள சின்னஞ்சிறு உயிரினங்கள் அதில் தங்கிவிடும்.

அப்புறம், குளிர்ப் பகுதிகளில் ஏரிகள் உறைந்தாலும் ஓடும் ஆறு எளிதில் உறையாது. ஏரியில் இருந்த வாத்துகள் அங்கே ஒதுங்கும். கடும் பனிக்கு மறுநாள் ஆற்றுக்குப் போவது வீண்போகாது. காலில் வளையம் இருந்தாலோ ஆளைக் கண்டு மிரளாவிட்டாலோ, வளர்ப்பிடத்திலிருந்து தப்பிய வாத்தா என்று யோசியுங்கள்.

பாடும் பறவைகளுக்குக் காதுதான் வேண்டும். பாய்கிற நீரின் இரைச்சலில் தாழ்ந்த ஒலிகளே அதிகம். ஓடைக்கரை வாலாட்டிகளின் குரல் கீச்சென்று உயர்ந்திருப்பதால் அந்த இரைச்சலைத் தாண்டி நம்மை எட்டுகிறது. புதருக்குள் இருக்கும் கதிர்க்குருவிகளில் பல இனங்கள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், குரல்தான் பிரித்துக் காட்டும். அவற்றைத் தேட நீர் அமைதியாக ஓடும் வளைவில், விடியற்காலையில் நில்லுங்கள். குரல் கேட்டதும் முதலில் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். தொலைநோக்கியை அதற்குப் பிறகு எடுக்கலாம்.