மரத்தின் கழுத்துவரை மண்

பதினேழு ஆண்டுகளாகச் சென்னையின் பழைய வீட்டுத் தோட்டங்களில் மரங்களைப் பார்வையிட்டு ஆலோசனை சொல்லிவருகிறேன். மரம் சாய்ந்த பிறகு அழைப்பவர்களே அதிகம். வந்ததும் புயலைத்தான் திட்டுவார்கள். அடியைத் தோண்டிப் பார்த்தாலோ, உண்மையான காரணம் பல ஆண்டுகளுக்கு முன்பே லாரியில் வந்து இறங்கியிருக்கும்.

பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச்சாலை போடுவதால் தெரு உயர்ந்து, வீடு பள்ளமாகி, ஐப்பசி மழையில் வாசலுக்குள் தண்ணீர் வந்துவிட, தோட்டம் முழுவதும் கிராவல் கொட்டி மேடாக்கிவிடுகிறார்கள். நீரை உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் இரண்டடிக்குள்ளேதான் பரவியிருக்கும். அவற்றுக்கு நீரைப் போலவே காற்றும் வேண்டும். அடிமரம் வேராக விரியும் வேர்க்கழுத்தின் பட்டையோ, ஓயாத ஈரத்தில் புதைந்தால் அழுகிப் பூஞ்சணத்துக்கு இடங்கொடுக்கும். உச்சிக்கிளை காயத் தொடங்கவே சில ஆண்டுகள் ஆகும் என்பதால், மண் கொட்டியதையும் மரம் பட்டுப்போனதையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

கீழ்ப்பாக்கத்தில் நூறாண்டு கடந்த தோட்ட வீடு ஒன்றை, மாமியார் கையிலிருந்து பொறுப்பேற்று, ஓர் அம்மையார் காத்துவருகிறார். தொழிலுக்கு வந்த புதிதில், ஒன்றரை அடி மண் போடலாம் என்று அவருக்கு எழுதிக் கொடுத்தவன் நானே. "மனுசனைக் கழுத்து வரைக்கும் புதைச்சா மூச்சு விடுவானா தம்பி?" என்று கேட்டு, தாளைத் திருப்பித் தந்துவிட்டார். அதே யோசனையை ஏற்ற வேறொரு வீட்டின் மாமரம், 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சாய்ந்தது. புதைந்திருந்த பட்டை, ஊறிய அட்டை போல என் விரலோடு கழன்று வந்தது. அன்று அந்த வீட்டில் காப்பி குடிக்க எனக்கு மனம் வரவில்லை.

அம்மையாரின் தோட்டம் இன்றும் தெருவைவிடத் தாழ்வாகவே இருக்கிறது. மாமியார் காலத்தில் வெட்டிய ஆழமில்லாத வாய்க்கால் ஒன்று மழைநீரைப் பழைய கிணற்றுப் பக்கம் கொண்டுபோகிறது. எந்த மரத்தில் எப்போது கவாத்து செய்தார்கள், மகிழம் எந்த மாதம் பூத்தது என்பதெல்லாம் கோடு போட்ட நோட்டில் இருக்கிறது; நோயைக் கண்டறிய என் கருவிகளைவிட அது பலமுறை உதவியிருக்கிறது.

அடையாற்றில் பிரம்மஞான சபை 1882இல் வாங்கிய தோட்டம், 1907 முதல் 1933 வரை தலைவராயிருந்த அன்னி பெசன்ட் அம்மையார் காலத்தில் பக்கத்து நிலங்களும் சேர்ந்து பெரிதும் விரிந்தது. அங்குள்ள ஆலமரத்தின் தாய்மரம் 1989இல் புயலில் விழுந்தும், விழுதூன்றிய தண்டுகளால் மரம் நிற்கிறது. சுற்றிலும் சிமென்ட் தளம் இருந்திருந்தால் அந்த விழுதுகள் எங்கே ஊன்றியிருக்கும்?

உங்கள் வீட்டு மரத்தின் அடியைப் பாருங்கள். அது விரிந்து மண்ணில் இறங்காமல், நட்டுவைத்த கம்பம் போல நேராக இறங்கினால், கழுத்து புதைந்திருக்க வாய்ப்புண்டு. கடப்பாரையைத் தொடாமல், சிறு கொத்துக்கரண்டியாலும் கையாலும், மழைக்காலத்துக்கு முன்பே, சிறிது சிறிதாக மண்ணை விலக்குங்கள். ஆழமாகப் புதைந்திருந்தால் மரங்களைப் பற்றித் தெரிந்த ஒருவரை அழைத்துக் காட்டிவிட்டுத் தொடங்குவது நல்லது.

சென்ற புரட்டாசியில் கீழ்ப்பாக்கம் வீட்டுக்கு நான் போனபோது, புதிய தோட்டக்காரர் மகிழ மரத்தடியில் குவித்திருந்த சருகை, அம்மையார் தம் ஊன்றுகோலாலேயே தள்ளி, அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் இடைவெளி விட்டுக்கொண்டிருந்தார்.