ரைபோசோம்: பிசினில் பிறந்த பெயர்

வாதாம் கொட்டையை உடைத்தால் உள்ளே இருக்கும் பருப்புதான் நியூக்ளியஸ். லத்தீனில் 'நுக்ஸ்' என்றால் கொட்டை. அதன் வழி வந்த சொல். ஆர்க்கிட் இலையின் மேல்தோலை நுண்ணோக்கியில் பார்த்த ராபர்ட் பிரௌன், செல்லுக்குச் செல் தென்பட்ட வட்டப் புள்ளியை 1831இல் இந்தப் பெயரால் குறித்தார். நல்லவேளை, நாம் அதைப் 'பருப்பு' ஆக்கவில்லை.

தமிழ்நாட்டுப் பாடநூலில் அது உட்கரு, இலங்கையில் கரு. என் ஓட்டு உட்கருவுக்கு. இங்கே வயிற்றில் வளர்வதும் கருதானே? (இலங்கையில் அதற்கு முளையம் என்று தனிச்சொல் உண்டு.) ஆனால் உட்கருவுக்குள் தெரியும் சிறு திரளான நியூக்ளியோலஸுக்கு அவர்கள் சொல்லும் 'புன்கரு' அருமை. புன் என்றால் சிறிய. லத்தீன் மூலத்துக்கும் 'குட்டிப் பருப்பு' என்றுதான் பொருள்.

இந்தப் புன்கருவில்தான், செல்லில் புரதம் செய்யும் துகளான ரைபோசோமின் இரண்டு துண்டுகளும் உருவாகின்றன. உட்கரு உறையின் துளைகள் வழியே வெளியே வந்து, புரதத்துக்கான குறிப்பைச் சுமந்து வரும் தூது ஆர்.என்.ஏ. கிடைத்ததும் அதைக் கவ்வியபடி ஒன்றுசேர்கின்றன. அப்புறம் மூன்று மூன்று எழுத்தாக வாசித்து, அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதம் செய்கின்றன. இவ்வளவு வேலை செய்வது சாதாரண நுண்ணோக்கிக்குத் தட்டுப்படாது. ஜார்ஜ் பலாடே 1955இல் எலக்ட்ரான் நுண்ணோக்கி கொண்டுதான் அந்தத் துகள்களை விவரித்தார். ரைபோசோம் என்ற பெயர் 1958இல் வந்தது. அதன் அமைப்பை அணு அணுவாக வரைந்து காட்டி, 2009இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனும் ஒருவர்.

சரி, பெயருக்கு என்ன பொருள்? 'சோமா' கிரேக்கத்தில் உடல். 'ரைபோ' என்பது ஆர்.என்.ஏ.வில் இருக்கும் ரைபோஸ் என்ற சர்க்கரை. அந்த ரைபோஸ் எங்கிருந்து வந்தது என்று தேடினால் சிரிப்பு வரும். 1891இல் எமில் ஃபிஷர், அராபினோஸ் என்ற சர்க்கரையின் பெயரிலிருந்து சில எழுத்துகளை எடுத்து, இடம் மாற்றிப் போட்டார், அவ்வளவுதான். அராபினோஸ் அரபுப் பிசினிலிருந்து கிடைத்தது. வேல மரத்தின் பட்டை வெடிப்பில் பொன்னிறமாகத் திரண்டு, வெயிலில் இறுகி நிற்குமே, அந்த வகைப் பிசின்.

கலைத்துப் போட்ட எழுத்தை எப்படி மொழிபெயர்ப்பது? 'புரதத் தொழிற்சாலை' என்கிறார்கள். அது விளக்கம், பெயரல்ல. கோப்பதை வைத்துப் 'புரதக்கோப்பி' என்று நானும் ஒன்று கட்டிப் பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் கோப்பி என்றால் காபி. விட்டுவிட்டேன். அங்கே பாடநூல்களில் 'இறைபோசோம்' என்று முன்னால் ஓர் இகரம் சேர்த்து எழுதுகிறார்கள். நான் இகரம் இல்லாமலே ரைபோசோம் என்று எழுதுகிறேன்.