பரப்பு கவர்தல்: யார் யாரைக் கவர்வது?

புதுச் செருப்புப் பெட்டிக்குள் கிடக்கும் சின்னப் பொட்டலத்தில் இருப்பது சிலிகா ஜெல். காற்றின் ஈரத்தை அது தன் நுண்துளைச் சுவர்களில் ஒட்டவைத்துக்கொள்ளும், சூடாக்கினால் விட்டுவிடும். கால்சியம் குளோரைடு அப்படியல்ல. ஈரத்தை உள்ளே வாங்கி வாங்கிக் கடைசியில் தானே கரைந்து போகும். முன்னது அட்சார்ப்ஷன், பின்னது அப்சார்ப்ஷன். ஓர் எழுத்து மாறினால் விடைத்தாளில் மதிப்பெண் போச்சு.

லத்தீனில் 'சார்பேரெ' என்றால் உறிஞ்சுதல். அதன் முன் 'மேல், நோக்கி' என்ற பொருள் தரும் 'அட்' என்னும் முன்னொட்டைச் சேர்த்து, 1881இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிக் கைசர் 'அட்சார்ப்ஷன்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். உறிஞ்சாத ஒன்றுக்கு உறிஞ்சல் என்று பெயர்! இலங்கையில் வழங்கும் 'புறத்துறிஞ்சல்' அந்த லத்தீனை அப்படியே பின்பற்றுகிறது. தமிழகப் பாடநூல்களில் அட்சார்ப்ஷனுக்கு 'பரப்பு கவர்தல்', அப்சார்ப்ஷனுக்கு 'உட்கவர்தல்'.

எந்தச் சொல் பொருந்துகிறது என்று பார்க்க மின்முனை, அதாவது கரைசலுக்குள் மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் உலோகம், நல்ல இடம். கரைசலில் மூழ்கிய உலோகப் பரப்பு காலியாக இருப்பதே இல்லை. நீர் மூலக்கூறுகள் முன்பே இடம்பிடித்திருக்கும். பியூட்டனால் போன்ற ஒரு கரிம மூலக்கூறு அங்கே ஒட்ட வேண்டுமானால் சில நீர் மூலக்கூறுகளைக் கிளப்பிவிட்டுத்தான் உட்கார வேண்டும். பாதரச மின்முனையில் இதைக் கண்கூடாக அளக்கலாம். சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 20 மைக்ரோஃபாரட் அளவில் இருக்கும் மின்தேக்குதிறன், பியூட்டனால் பரவியதும் 5க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். மின்னூட்டம் ஏறக்குறைய சுழியாக இருக்கும் மின்னழுத்தத்தில்தான் இந்த ஒட்டல் வலுவாக நிகழும். நேர்ப்பக்கமோ எதிர்ப்பக்கமோ மின்னூட்டம் மிகுந்தால், முனைவுத்தன்மை கூடிய நீர் திரும்பி வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

எல்லா மூலக்கூறும் இவ்வளவு லேசில் எழுந்துவிடாது. செம்பின் மேல் பென்சோடிரையசோல் என்ற கரிமச் சேர்மம் தன் நைட்ரஜன் அணுக்களால் வேதிப்பிணைப்பே போட்டுவிடும். பழைய வெண்கலச் சிலைகளை அரிப்பிலிருந்து காக்க அருங்காட்சியகங்கள் இதைத்தான் பூசுகின்றன. தங்கத்தின் மேல் கந்தகம் கொண்ட தயோல்களும் இந்த ரகம்.

ஆக, மின்முனையில் உலோகம் மட்டும் கவர்கிறது என்று சொல்ல முடியாது. வருகிற மூலக்கூறும் நீரிடமிருந்து இடத்தைப் பறிக்கிறது. 'கவர்தல்' என்பதற்கு ஈர்த்தல் என்ற பொருளும் உண்டு, பறித்துக்கொள்ளுதல் என்ற பொருளும் உண்டு. அப்புறம் ஒற்று விஷயம். சிலர் 'பரப்புக் கவர்தல்' என்று எழுதுகிறார்கள்; நான் அந்த 'க்'கைப் போடுவதில்லை. 'கனி தின்றான்' என்பதில் இரண்டாம் வேற்றுமை உருபு மறைந்திருக்க ஒற்று மிகாதது போல, 'பரப்பு கவர்தல்' என்பதைப் பரப்பைக் கவர்தல் என்றும் விரிக்கலாம். எழுவாயாகக் கொண்டால் பரப்பே கவர்வது. மின்முனைக்கு இரண்டும் வேண்டும்.