உறுதி: காணிப் பத்திரத்துக்கு எங்கட ஊரில ஏன் இந்தப் பேர்?

உறுதி எண்டு ஒரு யாழ்ப்பாணத்து ஆளிட்டச் சொல்லிப் பாருங்கோ, அவருக்கு முதல்ல ஞாபகம் வாறது மனவுறுதி இல்லை, அலுமாரிக்குள்ள சீலைக்கு அடியில ஷொப்பிங் பாக்கில சுத்தி வச்சிருக்கிற காணி உறுதிதான். தமிழ்நாட்டில பத்திரம், டாக்குமெண்ட் எண்டு சொல்லுற அதே சாமான், இங்கிலீஷில டீட். "உறுதி முடிச்சாச்சோ?" எண்டா காணி எழுதி ஒப்பம் வச்சு முடிஞ்சுதோ எண்டு அர்த்தம். "அது உறுதிக் காணியோ பெர்மிட் காணியோ?" எண்டு கேட்டா, சொந்தக் காணியோ இல்லாட்டி 1935ஆம் ஆண்டு காணி அபிவிருத்திச் சட்டத்தின்ர கீழ அரசாங்கம் குடுத்த, நினைச்சபடி விக்கேலாத காணியோ எண்டு அர்த்தம்.

சொல்லு எங்க இருந்து வந்தது எண்டு பாத்தா இது முழுக்கத் தமிழ்தான். அறு எண்டதில இருந்து அறுதி, இறு எண்டதில இருந்து இறுதி, அதே மாதிரி உறு எண்டதில இருந்து உறுதி. உறுதல் எண்டா பொருந்துறது, சேருறது, ஒட்டி நிக்கிறது. அதால அசையாத தன்மை, நிச்சயம் எண்ட கருத்து வந்தது, பழைய தமிழில நன்மை எண்ட கருத்தும் இருக்கு, "இறைவற்கு உறுதி பயப்பதாம் தூது" எண்டு குறள் 690இல வாறது அந்த நன்மைதான். அறம், பொருள், இன்பம், வீடு நாலையும் உறுதிப்பொருள் எண்டு சொல்லுறதும் இதே வழியிலதான். அந்த நாலாவது வீடு மோட்சம், விடு எண்ட வினையில இருந்து வந்தது, குடியிருக்கிற வீடும் அந்த விடு தான் எண்டு சொல்லுவினம். விட்டுட்டுப் போறது வீடு, ஒட்டி நிக்கிறது உறுதி. எனக்கு இதை முதல் முதலா விளங்கினபோது கொஞ்ச நேரம் பேசாம இருந்தன், ஏனெண்டா எங்கட குடும்பத்தில நடந்ததும் அதுதான்.

உறுதியில கன வகை இருக்கு. சீதன உறுதி, நன்கொடை உறுதி, ஈட்டு உறுதி, பிறகு அறுதி உறுதி. அறுதி எண்டா முழுசா விக்கிறது, இனி எனக்கும் அந்தக் காணிக்கும் தொடுப்பு இல்லை எண்டு அறுத்துவிடுறது. இது நேற்று வந்த பேச்சில்லை, பழைய கல்வெட்டுகளில காணி வித்த இடங்களில "விலைக்கற விற்றுப் பொருளறக் கொண்டு" எண்டு எழுதியிருக்கும், அந்த அற தான் எங்கட அறுதிக்குள்ளயும் இருக்குது. தமிழ்நாட்டில இதைக் கிரயப் பத்திரம் எண்டுவினம், கிரயமும் பத்திரமும் ரெண்டும் வடசொல்.

பத்திரம் எண்டா முதல்ல இலை. ஓலையும் இலைதானே, அப்ப வடமொழிக்காரரும் தமிழரும் எழுதின பொருளைத்தான் பேராக்கி இருக்கினம். "பத்திரமா வை" எண்டு சொல்லுற பத்திரம் வேற சொல்லு, அது பத்ர எண்ட இன்னொரு வடசொல்லில இருந்து வந்தது, ஆனா தமிழில ரெண்டும் ஒரே எழுத்தா வந்ததால பத்திரத்தைப் பத்திரமா வை எண்டு சேத்துச் சொல்ல வசதியாப் போச்சு.

இன்னொண்டு தோம்பு. இது போர்த்துக்கேயர் 1619இல யாழ்ப்பாணத்தைப் பிடிச்ச பிறகு வந்த சொல்லு, அவையின்ர பாஷையில தொம்போ எண்டா காணிப் பதிவேடு. லிஸ்பனில இருக்கிற போர்த்துகலின்ர தேசிய ஆவணக் காப்பகத்துக்கு இண்டைக்கும் தோம்புக் கோபுரம் எண்ட பேர்தான். 1658இல ஒல்லாந்தர் வந்து அவையும் தோம்பு எழுதினவை. உறுதி எழுதுற நொத்தாரிசு, பதியிற கந்தோர் எண்ட ஆபீஸ் எல்லாம் வெளியில இருந்து வந்த சொல்லுகள். ஆனா கையில தாற அந்தக் கடதாசிக்கு மட்டும் சனம் தன்ர சொல்லையே வச்சுக்கொண்டுது. உள்ள எழுதுற சொல்லுகளும் அப்பிடித்தான், வளவு எண்ட வீட்டுக் காணி, பரப்பு, குழி எண்ட நில அளவுகள், கோவிற்பற்று எண்ட ஊர்ப் பிரிவு, முதுசம். முதுசொம் எண்டதுதான் முதுசம், பேரன் பூட்டன் வழியா வாற ஆதனம். இங்க காணிக்கும் பேர் இருக்கும், நம்பர் இல்லை, கிணத்தடி வளவு, புளியடி எண்டு, 16 பரப்பு ஒரு ஏக்கர்.

உறுதி எண்ட சொல்லின்ர பாரம் விளங்கோணுமெண்டா பெரியபுராணத்தில சுந்தரர் கதைக்குப் போகோணும். கலியாண வீட்டில ஒரு கிழவர் வந்து நீ என்ர அடிமை எண்டு ஓலை காட்ட, சுந்தரர் அதைப் பறிச்சுக் கிழிச்சுப் போடுறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகுது. சபையார் கிழவரிட்டக் கேக்கிறது என்னெண்டா, ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி, இந்த மூண்டில ஒண்டைக் காட்டு எண்டு. ஆட்சி எண்டா நீ ஆண்டு அனுபவிச்சு வாறது, ஆவணம் எண்டா எழுத்து, அயலார் காட்சி எண்டா பக்கத்து ஆக்களின்ர சாட்சி. கிழவர் கிழிஞ்சது படியோலை, மூல ஓலை என்னட்ட இருக்குது எண்டு எடுத்துக் குடுக்கிறார். இந்த மூண்டையும் விட்டுட்டு வேற எதை வச்சும் ஒரு வீட்டை என்ர எண்டு நிரூபிக்கேலாது, இண்டைக்கும்.

இப்ப 1990 ஆனி மாதத்துக்கு, அதாவது ஜூனுக்கு வாங்கோ. ராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை திரும்பத் தொடங்கி, யாழ்ப்பாணத்தின்ர வடக்குக் கரையில இருக்கிற வலிகாமம் வடக்கில இருந்து சனம் எழும்பினது, மயிலிட்டி, பலாலி, காங்கேசன்துறை, எல்லாம். எங்கட அம்மம்மா உலையில அரிசியை அப்பிடியே விட்டுட்டு வந்தவ, ஆனா உறுதிக் கட்டை எடுத்து இடுப்புச் சீலையில செருகிக்கொண்டு வந்தவ. ரெண்டு கிழமையில திரும்பிப் போவம் எண்டுதான் எல்லாரும் நினைச்சது. 1995 ஐப்பசி (ஒக்டோபர்) 30 இடப்பெயர்விலயும் அந்தக் கட்டு தென்மராட்சிக்குப் போய் வந்தது. வீடு மாறி வீடு, கடைசியில வாடகை அறை, எங்க போனாலும் கூரை ஒழுகுதோ எண்டு பாக்கிறது உறுதிக்காகத்தான். எங்கட ஆக்களின்ர கதையை மட்டும் சொல்லி விடவும் ஏலாது, 1990 ஐப்பசியில புலிகள் வடக்கு முஸ்லிம் சனத்தை வெளியேத்தினபோது யாழ்ப்பாணத்தில குடுத்தது ரெண்டு மணித்தியாலம், கனபேருக்கு உறுதியை எடுக்கக்கூட அவகாசம் இருக்கேல்லை, அவையும் இதே காணிகளில பிறந்த ஆக்கள்.

அப்ப அந்த மூண்டையும் எண்ணிப் பாருங்கோ. ஆட்சி போச்சு, வீட்டில நாங்கள் இல்லை. அயலார் காட்சியும் போச்சு, அயலாரும் எங்களோடதான் ஓடினவை, ஆள் ஒருத்தர் கனடா, ஒருத்தர் வன்னி, ஒருத்தர் செத்துப்போனார். மிஞ்சினது ஆவணம் ஒண்டுதான். 2013 சித்திரையில (ஏப்ரல்) வலிகாமம் வடக்கில 6,381 ஏக்கரை ராணுவத்துக்கெண்டு எடுக்கப்போறதா அரசாங்கம் அறிவித்தல் ஒட்டினபோது உரித்தாளரைக் கண்டுபிடிக்க ஏலாது எண்டு எழுதியிருந்துது, உரித்தாளர் சில மைல் தள்ளி முகாமிலயும் வாடகை வீட்டிலயும் இருந்தவை. 2,000க்கு மேற்பட்ட ஆக்கள் உறுதியைக் காட்டித்தான் நீதிமன்றத்துக்குப் போனவை.

இலங்கைச் சட்டத்தில இன்னொரு பயமும் இருக்குது. 1871ஆம் ஆண்டு ஆட்சியுரிமைச் சட்டத்தின்படி ஒருத்தர் உங்கட காணியில உரிமைக்காரர் மாதிரித் தடையில்லாம 10 வருசம் இருந்திட்டா அது அவருக்குச் சொந்தமாகலாம், அதாவது ஆட்சி ஆவணத்தை வெல்லும். சாதாரண காலத்தில அது நியாயம்தான், கவனிக்காம விட்டவனை விட உழுதவனுக்கு. ஆனா போகவே விடாத காணியை எப்பிடிக் கவனிக்கிறது? இதுக்காகத்தான் 2016இல 5ஆம் இலக்க விசேட சட்டம் வந்தது, 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரைக்கும் யுத்தத்தால உரிமையைக் கேக்க ஏலாமப் போன ஆக்களுக்கு அந்தக் காலத்தைக் கணக்கில எடுக்கக்கூடாது எண்டு. உறுதி துலைஞ்ச ஆக்களுக்கும் ஒரு வழி இருக்குது: நொத்தாரிசு எழுதேக்க மூலம் காணிக்காரருக்கு, ஒரு பிரதி நொத்தாரிசிட்டயே, இன்னொரு பிரதி காணிப் பதிவகத்துக்கு. பதிவகப் பிரதி தப்பியிருந்தா உறுதிப்படுத்தின கொப்பி எடுக்கலாம்.

அப்ப டீட் எண்டதுக்குச் சரியான தமிழ் என்ன? பொதுவா எழுத்துச் சான்று எல்லாத்துக்கும் ஆவணம், காணி வீடு கைமாறுற எழுத்துக்கு உறுதி. தமிழ்நாட்டிலயும் கடனுறுதிச் சீட்டு எண்டு ஒரு மூலையில இந்தச் சொல்லு உயிரோட இருக்குது, வீட்டுக்கும் காணிக்கும் அதை எடுத்தா என்ன எண்டு நான் உண்மையாவே கேக்கிறன். பட்டா எண்டு சொல்லிக் குழப்பாதேங்கோ, அது வருவாய்த்துறைப் பதிவு, உறுதி இல்லை.

எங்கட வளவை ராணுவம் 2016இல விட்டது. வீடு இல்லை, வேலியும் இல்லை, கிணறு மட்டும் தூந்துபோய்க் கிடந்தது. உறுதியில இருந்த நாலு எல்லையையும் கிணத்தையும் வச்சுத்தான் சேவையர் அளந்தவர். போன வருசம் தங்கச்சிக்கு நன்கொடை உறுதி முடிக்கப் போன இடத்தில நொத்தாரிசு பழசை வாசிச்சுக்கொண்டு வந்து "4 பரப்பும் அதில் உள்ள வீடும் கிணறும்" எண்ட இடத்தில நிப்பாட்டி, வீடு இப்ப இல்லைத்தானே அம்மா, அதை எடுத்துவிடட்டோ எண்டு கேட்டார்.

அம்மா சொன்னா, "அத்திவாரம் கிடக்குது ஐயா. வீடு எண்டே எழுதுங்கோ."