ஒன்றரை வயதில் ஒரு சுட்டு விரல்

மேலூரிலிருந்து ஒரு தாயின் கேள்வி: "பையனுக்கு இருபது மாதம். பொம்மைக் காரை ஓட்ட மாட்டான், கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தையே சுற்றிக்கொண்டிருப்பான். சந்தோஷம் வந்தால் கையை உதறுவான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஆனால் டி.வி.யில் விளம்பரப் பாட்டு வந்தால் அடுத்த அறையிலிருந்து ஓடி வருகிறான். பேச்சு இன்னும் வரவில்லை. அவன் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினாராம். டாக்டரிடம் காட்டணுமா, பொறுத்துப் பார்க்கலாமா?"

காட்டுங்கள், இந்த மாதமே.

சக்கரம் சுற்றுவது, கை உதறுவது, நுனிக்காலில் நடப்பது, செருப்புகளை வரிசையாக அடுக்குவது எல்லாம் இரண்டு வயதுக்குள் எத்தனையோ பிள்ளைகள் செய்வதுதான். தனித்தனியாக எடுத்தால் இவற்றை வைத்து ஆட்டிசம் (பிறரோடு பழகுவதும் பேச்சும் வேறு விதமாக வளரும் நிலை) என்று சொல்லிவிட முடியாது. மருத்துவர் முதலில் தேடும் தகவல் இந்தக் கேள்வியில் விட்டுப்போயிருக்கிறது: பையன் எதையாவது விரலால் சுட்டிக் காட்டுகிறானா?

சுட்டுவதில் இரண்டு வகை உண்டு. கடையில் தொங்கும் பலூனைக் காட்டி "ம்ம்... ம்ம்" என்பது கேட்கும் சுட்டு. அடுத்ததைச் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் பார்க்கலாம். அம்மா இடுப்பில் இருக்கும் குழந்தை கோயில் யானையைப் பார்த்ததும் விரலை நீட்டுகிறது. கண் யானையிடமிருந்து சட்டென்று அம்மா முகத்துக்கு வருகிறது, மறுபடி யானைக்குப் போகிறது. ஒரு நொடியில் முடிந்துவிடும். யானையை வாங்கித் தா என்று அது கேட்கவில்லை. 'நீயும் பார்த்தியா?' என்று கேட்கிறது. தனக்குத் தெரிவது அம்மாவுக்குத் தெரியாமல் இருக்கலாம், காட்டினால் தெரியும் என்ற கணக்கு அந்தச் சின்னத் தலைக்குள் ஓடியிருக்கிறது. எனக்கு இதைவிட அதிசயமான விரலசைவு தெரியாது.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2022-இல் திருத்திய வளர்ச்சிப் பட்டியலில் கேட்கும் சுட்டு 15 மாதத்திலும் காட்டும் சுட்டு 18 மாதத்திலும் இருக்கிறது. நான்கில் மூன்று குழந்தைகளாவது அந்த வயதுக்குள் செய்துவிடும் என்பது கணக்கு. நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்களும் கை கொட்டும் சப்பாணிக்கும், தளர்நடை போட்டு வரும் வருகைக்கும் அடுத்துத்தான் நிலாவைக் கூப்பிடும் அம்புலிப் பருவத்தை வைத்தார்கள். பிள்ளைகளை அருகிருந்து பார்த்தவர்கள் போட்ட வரிசை அது.

இந்த விரலுக்கும் பேச்சுக்கும் என்ன தொடர்பு? 1991-இல் டேர் பால்ட்வின் என்ற உளவியலாளர் செய்த சோதனை இதைப் பளிச்சென்று காட்டும். குழந்தையின் கையில் ஒரு புதுப் பொம்மை, பெரியவர் முன்னால் இருக்கும் வாளிக்குள் இன்னொன்று. குழந்தை தன் பொம்மையில் மூழ்கியிருக்கும்போது பெரியவர் வாளிக்குள் பார்த்துக்கொண்டே இதுவரை கேட்டிராத ஒரு பெயரைச் சொல்கிறார். ஒன்றரை வயதுக் குழந்தை நிமிர்ந்து, அவர் கண் போகும் இடத்தைப் பார்த்து, பெயரை வாளிப் பொம்மைக்கு வைத்துவிடுகிறது. 1997-இல் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இதையே செய்தபோது பலர் அந்தப் பெயரைத் தம் கையிலிருந்த பொம்மைக்கு வைத்தார்கள். பெயர் காதில் விழுந்திருக்கிறது, தவறான பொருளில் ஒட்டிக்கொண்டுவிட்டது. நாளெல்லாம் இப்படியே நடந்தால் சொற்கள் எப்படிச் சேரும்? அதனால்தான் பேச்சு வரட்டும் என்று காத்திருக்கும் வீட்டில் நாங்கள் விரலையும் கண்ணையும் பார்க்கச் சொல்கிறோம்.

வீட்டில் பார்க்கும் முறை இது. பசியோ தூக்கமோ இல்லாத நேரத்தில் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, பத்தடி தள்ளியிருக்கும் ஒன்றைச் சுட்டி "அங்க பாரு, பல்லி!" என்று சொல்லுங்கள். குழந்தை உங்கள் விரலையே பார்க்கிறதா, பல்லியைப் பார்க்கிறதா, பார்த்துவிட்டு உங்கள் முகத்துக்குத் திரும்புகிறதா? மூன்று நாள், வேறுவேறு பொருளை வைத்துச் செய்யுங்கள். பிஸ்கட் டப்பா வேண்டுமென்றால் உங்கள் முகத்தைப் பார்க்காமலே உங்கள் கையை இழுத்துப்போய் டப்பா மேல் வைக்கிறதா என்றும் கவனியுங்கள். ஆட்டிசச் சாயல் இருக்கிறதா என்று பார்க்க 16 முதல் 30 மாதம் வரை பயன்படும் எம்-சாட்-ஆர் என்ற இருபது கேள்விப் பட்டியலில் மூன்று கேள்விகள் சுட்டுவதைப் பற்றியவை. கவலை தரும் பதில்கள் 3 முதல் 7 வரை என்றால் கேள்விகளை விரித்து மறுபடி கேட்பார்கள். 8-ஓ அதற்கு மேலோ என்றால் நேராக நிபுணரின் மதிப்பீடுதான். இது சல்லடை மட்டுமே, நோயை இதை வைத்து முடிவு செய்வதில்லை.

ஓராண்டில் மழலை ஒலியோ டாட்டா காட்டுவதோ இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் "அம்மா வா" போல இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். குறைமாதப் பிள்ளைக்கு, எத்தனை வாரம் முந்திப் பிறந்ததோ அதை இரண்டு வயது வரை கழித்துக்கொள்ளுங்கள். வந்த பேச்சோ சிரிப்போ எந்த வயதில் நின்றுபோனாலும் அந்த வாரமே போக வேண்டும். அதைவிட அவசரமான ஒன்று உண்டு. ஒரு வயதுக்குள், பெரும்பாலும் தூங்கி எழுந்ததும், குழந்தை கும்பிடு போடுவது போல உடம்பை மடக்கி மடக்கி வரிசையாக உதறினால் அது சலாம் வலிப்பாக இருக்கலாம். உரம், வயிற்றுவலி என்று நாள் கடத்தாமல், போனில் வீடியோ எடுத்துக்கொண்டு அன்றே கிளம்புங்கள்.

பேச்சு வர நாக்கில் வசம்பு தேய்க்கும் பழக்கம் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து நிறுத்துங்கள். வசம்பிலுள்ள பீட்டா-அசரோன் விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கியதால் அமெரிக்கா 1968-இலேயே அதை உணவில் சேர்க்கத் தடை செய்தது. தாயத்து கட்டுவது உங்கள் விருப்பம். ஆனால் கட்டிவிட்டு ஆறு மாதம் காத்திருந்தால், மூளை வேகமாகப் பின்னிக்கொள்ளும் காலத்தில் ஆறு மாதம் போய்விடும்.

மேலூர்ப் பையனுக்கு முதல் சோதனை காதுக்கு. சில அலைவரிசைகள் மட்டும் கேட்காத பிள்ளையும் டி.வி. பாட்டுக்கு ஓடி வரும், அதனால் அந்த ஓட்டத்தை நம்ப முடியாது. சொந்தத்தில் திருமணம் செய்த வீடுகளில் பிறவிக் காது கேளாமை கூடுதல் என்பதால் அதை மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசின் குழந்தைகள் நலத் திட்ட மருத்துவக் குழு வரும், அவர்கள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். முகாம் வரை காத்திருக்காமல் மதுரை பெரியாஸ்பத்திரி குழந்தைகள் பிரிவிலும் நேரே காட்டலாம். பேச்சுப் பயிற்சி தொடங்க நோயின் பெயர் முடிவாக வேண்டியதில்லை. எனக்குள்ள ஆதங்கம் பயிற்சியாளர் எண்ணிக்கையில்தான். உசிலம்பட்டியிலிருந்தும் பேரையூரிலிருந்தும் வாரம் இருமுறை பஸ் ஏறி வர, கூலி வேலை பார்க்கும் தாயால் எத்தனை மாதம் முடியும்? தாலுகா ஆஸ்பத்திரிக்கு ஒரு பேச்சுப் பயிற்சியாளர் என்று சம்பளம் ஒதுக்குவதை எந்தக் கட்டடத்துக்கும் முன்னால் வைப்பேன்.

போகும்போது தடுப்பூசி அட்டை, பிறப்புக் குறிப்பு, இரண்டு நிமிட வீடியோ இரண்டு கொண்டுபோங்கள். ஒன்று தனியாக விளையாடுவது, மற்றொன்று பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிடுவது. காதுக்கு ஓ.ஏ.இ., பெரா என இரண்டு சோதனை. முதலாவது சில நிமிடந்தான். காதுக்குள் மெல்லிய ஒலியை அனுப்பினால் நலமான உட்காது தானே ஒரு எதிரொலியைத் திருப்பி அனுப்பும். சளியோ அழுக்கோ இருந்தால் தவறாகக் காட்டும், மறுபடி எடுக்க வேண்டும். உட்காது நன்றாயிருந்து நரம்பு பழுதானால் ஓ.ஏ.இ. சரியென்றே சொல்லும், அதற்குத்தான் தலையில் மின்முனை ஒட்டி நரம்பின் பதிலைப் பார்க்கும் பெரா. பெராவுக்குக் குழந்தை தூங்க வேண்டும். முந்தின நாள் தலைக்குக் குளிப்பாட்டி எண்ணெய் வைக்காமல் விடுங்கள், எண்ணெய்த் தலையில் மின்முனை ஒட்டாது. இரவு தாமதமாகத் தூங்க வைத்து விடியற்காலையில் எழுப்பிவிடுங்கள். முக்கியமாக, மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையம் வரும் வரை பஸ்ஸில் தூங்கவிடாதீர்கள். வழியில் தூங்கிய பிள்ளை அங்கே விழித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும், அப்புறம் தூக்க மருந்து கொடுக்க நேரும். சளி, காய்ச்சல் இருந்தால் அந்த மருந்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.