பேரு ஒண்ணா இருந்தா சொந்தம் ஆயிடாது

போன வருஷம் ஒரு பெரியவர் ஃப்ரேம் போட்ட வம்சாவளி சார்ட் ஒண்ணை தூக்கிட்டு என்கிட்ட வந்தாரு, 1066ல இங்கிலாந்தை பிடிக்க பிரான்ஸ் பக்கம் நார்மண்டில இருந்து பிரபு வில்லியம் கூட கப்பல்ல வந்த ஒரு நார்மன் வீரன்ல தொடங்கி இவரோட பேரப்பிள்ளைங்க வரைக்கும் ஒரு தலைமுறை விடாம இருந்துச்சு, நல்ல காசு குடுத்து வாங்கினது. நடுவுல ஒரு இடம் எனக்கு உறுத்துச்சு. அப்பான்னு போட்டிருந்த ஜான் ஒரு கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி), மகன்னு போட்டிருந்த ஜான் வேற கவுண்டி, ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு ஏக்கர் நிலம்கூட கிடையாது. அந்த ஒரு கண்ணி அறுந்தா அதுக்கு மேல இருக்குறது பூரா வேற யாரோட குடும்பமோ. அவர் முகம் வாடினதை பாத்ததுல இருந்து இதை எழுதணும்னு இருந்தேன்.

இங்கிலாந்துல ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் சர்ச் ரிஜிஸ்டர்ல எழுத ஆரம்பிச்சதே 1538லதான். அதுக்கு முந்தி போகணும்னா நிலத்தை பிடிச்சுட்டுதான் போகணும். ராஜாகிட்ட நேரடியா நிலம் வச்சிருந்த ஒருத்தர் செத்தா, எஸ்சீட்டர்னு ஒரு அதிகாரி ஊர்க்காரங்களை கூட்டி சத்தியம் வாங்கி விசாரிப்பாரு, என்ன நிலம், எப்ப செத்தாரு, வாரிசு யாரு, வயசு என்னன்னு. ராஜாவுக்கு இதுல வரும்படி இருந்துச்சு, அதனாலதான் இவ்வளவு கவனமா எழுதி வச்சாங்க. 1230கள்ல இருந்து 1640கள் வரைக்கும் இந்த தோல் ஏடுங்க லண்டன் கியூல தேசிய ஆவணக் காப்பகத்துல இருக்கு, எல்லாம் லத்தீன். அதுல வாரிசுக்கு "30 வயசும் மேலும்"னு இருந்தா அதை கழிச்சு பொறந்த வருஷம் போட்டுடாதீங்க, மேஜர் ஆயிட்டாருன்னு காட்டினா போதும்னு குத்துமதிப்பா சொன்னது நிறைய. "எட்வர்ட் ஆட்சி 14ஆம் வருஷம்"னு இருந்தாலும் உஷார், 1272ல இருந்து 1377 வரைக்கும் மூணு எட்வர்ட் வரிசையா ஆண்டிருக்காங்க.

எனக்கு ரொம்ப பிடிச்சது கோர்ட் வழியா நிலம் கைமாறின பத்திரங்கதான். ஒரே தோல்ல அதே வாசகத்தை மூணு தடவை எழுதி, வளைச்சு வளைச்சு வெட்டி, ரெண்டு தரப்புக்கும் ஒவ்வொண்ணு, அடித்துண்டு கோர்ட்டுக்கு. சேத்து வச்சா வெட்டு பொருந்தணும், பொருந்தலன்னா போலி. 1195ல இருந்து அடித்துண்டு எடுத்து வச்சிருக்காங்க. வேற எங்கயும் பேரே வராத பொம்பளைங்க பேரு இதுல கிடைக்கும், ஏன்னா பொண்டாட்டி சொத்து கைமாறணும்னா அந்தம்மாவை தனியா கூப்பிட்டு சம்மதமான்னு கேப்பாங்க.

போலி வம்சாவளி இன்னிக்கு வந்த வியாதி இல்ல. இங்கிலாந்துல நார்ஃபோக் கவுண்டில பாஸ்டன்னு ஒரு கிராமம், அங்க கிளெமென்ட் பாஸ்டன்னு ஒருத்தர், 1419ல செத்தாரு. அந்தக் குடும்பத்துக்கு ஆகாதவங்க எழுதின குறிப்பு ஒண்ணு இருக்கு, அவர் வெறும் உழவர், 100, 120 ஏக்கர்தான், தானிய மூட்டையை குதிரைமேல போட்டு தானும் அதுமேல உக்காந்து மில்லுக்கு போவாரு, மாவோட திரும்பி வருவாருன்னு. மகன் வில்லியம் சட்டம் படிச்சு ஜட்ஜ் ஆனாரு, நிலமா வாங்கினாரு. பேரன் காலத்துல பெரிய சொத்து தகராறு, நீங்க அடிமைக்குடின்னு எதிராளிங்க கிளப்பிவிட, இவங்க பழைய பத்திரம்னு எதையெதையோ காட்டி 1466ல நாலாம் எட்வர்ட்கிட்டயே நார்மன் காலத்துல இருந்து நாங்க பெரிய குடும்பம்னு எழுதி வாங்கிட்டாங்க. ராஜா முத்திரையே இருந்தாலும் நான் அந்த மில்லு குதிரையைத்தான் நம்புறேன்.

அதனால யாராவது சார்ட் எழுதித் தந்தா, அப்பாவையும் மகனையும் சேக்குற ஒவ்வொரு கோட்டுக்கும் எந்த ஆவணம், என்ன நம்பர்னு கேளுங்க. பதில் இல்லாத கோட்டை அழிச்சிடுங்க.

அந்தப் பெரியவரோட ரெண்டாவது ஜானுக்கு நிலம் பொண்டாட்டி வழியா வந்திருக்கு, பேரு ஆலிஸ். இப்போ ஆலிஸோட அப்பாவை தேடிட்டு இருக்கேன்.